எரிபொருள் உட்செலுத்து விசையுந்துகளில் வெற்றோட்டத் தடுமாற்றம்

வெற்றோட்டத் தடுமாற்றம் என்பது, விசையுந்தின் முறுக்குப்பிடி (ஆக்சிலேட்டர்) முழுவதும் விடப்பட்டு வண்டி நின்றிருக்கும்போது, அதன் பொறி சீராக ஓடாமல் ஏறி இறங்கியோ, இடையிடையே விடுபட்டோ, முற்றிலும் அணைந்தோ போகும் குறைபாடு ஆகும். இது தனி ஒரு பழுது அன்று. பல வேறு பழுதுகளின் பொது அறிகுறி ஆகும். காற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்கில் எதில் சிறு குறை நேர்ந்தாலும் அது முதலில் வெற்றோட்டத்திலேயே வெளிப்படும். எனவே உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, வரிசை முறைப்படி சோதித்து அறிவதே இதற்குத் தீர்வு காணும் வழியாகும்.

இக்கட்டுரை ஒற்றை உருளை கொண்ட, எரிபொருள் உட்செலுத்து முறையில் இயங்கும் நான்கடிப்பு விசையுந்துகளையும் இசுகூட்டர்களையும் பற்றியது. கடலோர நகரமான புதுச்சேரியின் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

சொல் வழக்கு

வண்டி நகராமல் பொறி மட்டும் ஓடும் நிலை வெற்றோட்டம் (ஐடிலிங்) எனப்படுகிறது. பட்டறைகளில் இதனை "ஸ்லோ ஸ்பீடு" என்றும் கூறுவர். "ஐடிலிங் நிற்கவில்லை", "வண்டி மிஸ் ஆகிறது", "சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது" என வண்டி உரிமையாளர்கள் கூறுபவை யாவும் ஒரே குறைபாட்டைக் குறிப்பன அல்ல. அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

தாழ் வெற்றோட்டம்: சுழற்சி வேகம் படிப்படியாகக் குறைந்து பொறி அணைந்துவிடும்.

ஊசலாட்டம்: சுழற்சி வேகம் ஒரே கால இடைவெளியில் ஏறியும் இறங்கியும் வரும்.

விடுபடல்: சில அடிப்புகளில் எரிதல் நிகழாமல் பொறி குலுங்கும். புகைக்குழாயில் "பட்" என்னும் ஒலி கேட்கலாம்.

உயர் வெற்றோட்டம்: பிடியை விட்ட பின்னரும் வேகம் இறங்காது.

எந்த வகை என்பதையும், அது பொறி குளிர்ந்திருக்கும்போது தோன்றுகிறதா, சூடான பின் தோன்றுகிறதா என்பதையும் குறித்துக்கொள்வது கண்டறிதலின் முதற்படி ஆகும்.

வெற்றோட்டம் ஏன் எளிதில் கெடுகிறது

சிறிய விசையுந்துகளின் வெற்றோட்ட வேகம் பெரும்பாலும் நிமிடத்திற்கு 1300 முதல் 1600 சுற்றுகள் வரை இருக்கும். துல்லியமான அளவு ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் தரப்பட்டிருக்கும். நான்கடிப்புப் பொறியில் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறையே எரிதல் நிகழ்கிறது. ஆகவே 1400 சுற்றுகளில் ஓடும் ஒற்றை உருளைப் பொறியில் நிமிடத்திற்கு 700 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 12 முறை எரிதல் நிகழும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த எரிதல் வரை சுழல்தண்டு தன் உந்தத்தினால் மட்டுமே சுழல வேண்டும். நான்கு உருளைகள் கொண்ட மகிழுந்தில் மற்ற மூன்று உருளைகள் அக்குறையை மறைக்கும். ஒற்றை உருளை வண்டியில் மறைக்க வேறு உருளை இல்லை.

எரிபொருளின் அளவும் மிகச் சிறியது. 125 கன சென்டிமீட்டர் பொறி ஒன்று வெற்றோட்டத்தின்போது ஓர் அடிப்பிற்கு உள்ளிழுக்கும் காற்றைத் தோராயமாகக் கணக்கிட்டால், அதற்குத் தேவைப்படும் பெட்ரோல் சுமார் 3 அல்லது 4 மில்லிகிராம் மட்டுமே. இது ஒரு நீர்த்துளியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில் ஏற்படும் மிகச்சிறு பிழையும் விழுக்காட்டு அடிப்படையில் பெரிதாகிவிடும். அதே பிழை வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உணரப்படாமலே போகலாம். "ஓட்டும்போது நன்றாக இருக்கிறது, நின்றால்தான் தொல்லை" என்னும் முறையீட்டிற்கு இதுவே காரணம்.

வரலாறு

தொடக்கத்தில் விசையுந்துகள் அனைத்தும் காற்றையும் எரிபொருளையும் கலக்கக் கார்புரேட்டரையே பயன்படுத்தின. அதில் வெற்றோட்டம் இரண்டு திருகாணிகளால் சரிசெய்யப்பட்டது: ஒன்று வேகத்தையும், மற்றொன்று கலவையையும் கட்டுப்படுத்தும். திருப்புளி ஒன்று இருந்தால் தெருவோரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

1980 இல் கவாசாகி நிறுவனம் மின்னணு எரிபொருள் உட்செலுத்து முறை கொண்ட இசட் 1000 எச் என்னும் விசையுந்தை வெளியிட்டது. 1983 இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் கே 100 இம்முறையுடன் வந்தது. இந்தியாவில் 2006 இல் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தின் கிளாமர் எஃப்ஐ, 2007 இல் பஜாஜ் பல்சர் 220, 2008 இல் யமாஹா ஆர் 15, 2009 இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 ஆகியன எரிபொருள் உட்செலுத்து முறையுடன் விற்பனைக்கு வந்தன. விலை மிகுதியாலும் பழுதுநீக்கப் பழக்கமின்மையாலும் நெடுங்காலம் கார்புரேட்டர் வண்டிகளே பெரும்பான்மையாக இருந்தன.

பாரத் நிலை 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. இவ்விதிகளின் வரம்புகளுக்குள் நிற்க, ஏறத்தாழ எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளும் உட்செலுத்து முறைக்கு மாறின. இதனால் திருப்புளியும் செவிப்புலனும் கொண்டு ஐடிலிங் சரிசெய்த கைவினைஞர்கள், மின்னழுத்தமானியும் பழுதறி கருவியும் (ஸ்கேனர்) பயன்படுத்தக் கற்க வேண்டியதாயிற்று.

இயங்கும் முறை

எரிபொருள் உட்செலுத்து முறையின் முதன்மையான உறுப்புகள் வருமாறு.

எரிபொருள் எக்கி (பெட்ரோல் பம்ப்): கலனுக்குள் அமைந்து, பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது.

உட்செலுத்தி (இன்ஜெக்டர்): மின்துடிப்பு கிடைக்கும் நேரம் மட்டும் திறந்து பெட்ரோலை நுண்திவலைகளாகத் தெளிக்கிறது. வெற்றோட்டத்தில் இது திறந்திருக்கும் நேரம் சில மில்லிநொடிகளே.

காற்றுத் தடுக்கிதழ்க் கூடு (த்ராட்டில் பாடி): முறுக்குப்பிடிக்கு ஏற்பத் திறந்து காற்றை விடும் வட்ட இதழ் இதனுள் உள்ளது.

வெற்றோட்டக் காற்று ஒரதர்: தடுக்கிதழ் மூடியிருக்கும்போது, அதனைச் சுற்றிச் செல்லும் சிறு பக்கவழியில் காற்றை அளந்துவிடும். பல வண்டிகளில் இது படிநிலை மின்னோடியால் இயங்குகிறது. சிலவற்றில் திருகாணியே உள்ளது.

உணரிகள் (சென்சார்): தடுக்கிதழ் நிலை, உள்ளிழு குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, பொறியின் வெப்பநிலை, சுழல்தண்டின் நிலை, புகையிலுள்ள ஆக்சிசன் ஆகியவற்றை அளக்கின்றன.

மின்னணுக் கட்டுப்பாட்டகம் (இசியு): உணரிகளின் அளவுகளைக் கொண்டு, எவ்வளவு நேரம் உட்செலுத்தியைத் திறப்பது, எப்போது தீப்பொறி தருவது என முடிவுசெய்கிறது.

தூய பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று தேவை. பொறி குளிர்ந்திருக்கும்போது கட்டுப்பாட்டகம் தன் நினைவிலுள்ள அட்டவணைப்படி கூடுதல் பெட்ரோலைத் தருகிறது. பொறி சூடாகி ஆக்சிசன் உணரி வேலை செய்யத் தொடங்கியதும், அவ்வுணரி தரும் செய்தியைக் கொண்டு கலவையைத் தொடர்ந்து திருத்துகிறது. முதல் நிலை திறந்த சுற்று எனவும், இரண்டாம் நிலை மூடிய சுற்று எனவும் அழைக்கப்படும். குளிர்நிலைத் தடுமாற்றத்திற்கும் சூடுநிலைத் தடுமாற்றத்திற்கும் காரணங்கள் வேறுபடுவது இதனாலேயே.

காரணங்கள்

கரிப்படிவு

பொறியின் உட்புறத்திலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் காற்றுத் தூசியும் தடுக்கிதழின் விளிம்பிலும் வெற்றோட்டப் பக்கவழியிலும் கருமையான பிசுக்காகப் படிகின்றன. வெற்றோட்டக் காற்று முழுவதும் இந்தக் குறுகிய இடைவெளியிலேயே செல்வதால் சிறு படிவும் அதனை அடைத்துவிடும். வேகம் தாழ்ந்து பொறி அணையும். பிடியைச் சற்றே திருகினால் சரியாகிவிடும்.

காற்றுக் கசிவு

தடுக்கிதழ்க் கூட்டையும் பொறித்தலையையும் இணைக்கும் இரப்பர் குழாய் வெடித்தாலோ, அதன் பட்டை தளர்ந்தாலோ அளக்கப்படாத காற்று உள்ளே புகும். இதன் விளைவு வண்டிக்கு வண்டி மாறுபடும். காற்றழுத்த உணரியைக் கொண்டு பெட்ரோல் அளவைக் கணிக்கும் வண்டியில், கூடுதல் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலும் கூடுவதால் வேகம் உயரும். தடுக்கிதழ் நிலையைக் கொண்டு கணிக்கும் வண்டியில், பெட்ரோல் கூடாமையால் கலவை மெலிந்து பொறி விடுபடும்.

தீப்பொறி

தேய்ந்த தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்), அதன் மூடியில் ஈரம், தளர்ந்த உயர் மின்னழுத்தக் கம்பி ஆகியன விடுபடலுக்கு வழிவகுக்கும்.

மின்கலம்

கார்புரேட்டர் வண்டி வலுவிழந்த மின்கலத்துடனும் (பேட்டரி) உதைத்துக் கிளப்பப்பட்டு ஓடும். உட்செலுத்து வண்டியில் அவ்வாறில்லை. மின்னழுத்தம் குறைந்தால் உட்செலுத்தி திறக்கத் தாமதமாகும். திறந்திருக்கும் நேரமே சில மில்லிநொடிகளாக உள்ள வெற்றோட்டத்தில் இத்தாமதம் பெரும்பங்கு ஆகிவிடும். கட்டுப்பாட்டகம் ஓரளவு இதனை ஈடுசெய்யும் எனினும் அதற்கும் எல்லை உண்டு.

எரிபொருள்

அடைபட்ட வடிகட்டி, அழுத்தம் குன்றிய எக்கி, பிசின் படிந்த உட்செலுத்தி, பெட்ரோலில் நீர் ஆகியன இவ்வகையின. இவற்றுள் பெரும்பாலானவை வெற்றோட்டத்தை மட்டுமன்றி, வேகம் எடுக்கும்போதும் வண்டியைத் திணறச் செய்யும்.

உணரிகள்

பொறி வெப்பநிலை உணரி தவறாகக் குளிர் எனக் காட்டினால், சூடான பொறிக்கும் கூடுதல் பெட்ரோல் செல்லும். புகையில் பெட்ரோல் வாடை வீசும், செருகியில் கரும்புகைப் படிவு காணப்படும்.

ஒரதர் இடைவெளி

உள்ளிழு, வெளியேற்று ஒரதர்களின் இடைவெளி (டேப்பட்) ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே அமைந்தது. அது குறைந்துவிட்டால், பொறி சூடாகி உறுப்புகள் விரியும்போது ஒரதர் முழுதாக மூடாது, அமுக்கம் கசியும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானபின் தடுமாறும் வண்டியில் இதனை ஐயுற வேண்டும்.

புதுச்சேரியின் சூழலும் இக்குறைபாடும்

புதுச்சேரி நகரத்தின் பழைய பகுதி, நேரான வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் அமைப்புடையது. கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே அண்ணா சாலை வரையிலான தொலைவு ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. நேரு வீதி, மிஷன் வீதி, காமராசர் சாலை போன்ற நெருக்கமான வீதிகளில் வண்டி அடிக்கடி நின்று செல்ல வேண்டும். இத்தகைய குறும்பயணங்களில் பொறி முழு வெப்பநிலையை அடையும் முன்னரே அணைக்கப்படுகிறது. எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயில் தங்குவதும் கரி படிவதும் இதனால் விரைவுபடுகின்றன. இங்கு ஓடும் வண்டி காட்டும் கிலோமீட்டர் குறைவாக இருப்பினும் அதன் தடுக்கிதழ்க் கூடு விரைவில் அழுக்கடையலாம்.

இரண்டாவது காரணம் கடற்காற்று. உப்புத் திவலையும் மிகுந்த ஈரப்பதமும் மின் இணைப்பிகளின் (கனெக்டர்) முனைகளில் பச்சை அல்லது வெண்ணிறப் பூப்பை உண்டாக்குகின்றன. உணரிகள் அனுப்பும் குறிப்பலைகள் 5 வோல்ட்டுக்கு உட்பட்டவை. ஆக்சிசன் உணரி தருவதோ 1 வோல்ட்டுக்கும் குறைவு. இணைப்பு முனையில் சிறு மின்தடை கூடினாலும் அளவு மாறிவிடும். இத்தகைய வண்டியில் உணரியை மாற்றினால் சில நாள் நன்றாக இருக்கும். உண்மையில் சரியானது உணரி அன்று, கழற்றி மாட்டியதால் தேய்ந்து தூய்மையான இணைப்பு முனையே.

மூன்றாவது, ஓடாமல் நிற்கும் வண்டிகள். பிரான்சில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது மட்டும் எடுக்கப்படும் வண்டிகள் இந்நகரின் பல வீடுகளில் உள்ளன. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் மின்கலம் வலுவிழக்கும். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி வெளியேறி, எஞ்சியது உட்செலுத்தியின் நுண்துளைகளில் பிசினாகப் படியும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 இல் சராசரியாக 10 விழுக்காட்டையும், 2025 இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனாலில் ஆக்சிசன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். தூய பெட்ரோலுக்கு 14.7 ஆக உள்ள காற்று விகிதம், 20 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 ஆகும். வேறு விதமாகச் சொன்னால், அதே காற்றுக்குச் சற்று கூடுதலான எரிபொருள் தேவை. மூடிய சுற்றில் ஆக்சிசன் உணரி இதனைத் திருத்திவிடும். உணரி வேலை செய்யாத குளிர்நிலையில், பழைய கலவைக்கென அமைக்கப்பட்ட வண்டி சற்று மெலிந்த கலவையில் ஓடி, காலையில் முதல் ஓரிரு நிமிடம் தடுமாறலாம். தன் வண்டி எக்கலவைக்கு ஏற்றது என்பதைக் கையேட்டிலோ, பெட்ரோல் கலன் மூடியருகே உள்ள ஒட்டியிலோ பார்த்து அறியலாம்.

எத்தனால் நீரையும் ஈர்க்கும். நீர் குறிப்பிட்ட அளவை மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கலனின் அடியில் தங்கும். எக்கி உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியிலிருந்தே என்பதால், கலனில் பெட்ரோல் நிறைய இருந்தும் பொறிக்கு நீரே செல்லும். இதனைச் சோதிக்க, கலனின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அரைமணி நேரம் அசையாமல் வைக்கலாம். இரு படலங்களாகப் பிரிந்தால் நீர் உள்ளது என்பது உறுதி. பெட்ரோலின் தூய்மையில் ஐயம் இருப்பின், விற்பனை நிலையத்தில் வடிதாள் சோதனையைக் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

கண்டறியும் முறை

சோதனைகள் செலவற்றவையிலிருந்து செலவு மிக்கவை நோக்கியும், எதையும் கழற்றத் தேவையில்லாதவையிலிருந்து கழற்ற வேண்டியவை நோக்கியும் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்பது தெரியாது.

1. பழுது விளக்கைப் பார்த்தல். சாவியைத் திருப்பியதும் கருவிப் பலகையில் பொறி வடிவ விளக்கு எரிந்து, பொறி கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாமலிருந்தாலோ சிமிட்டினாலோ கட்டுப்பாட்டகம் ஒரு பிழையைப் பதிந்துள்ளது என்று பொருள்.

2. எக்கியின் ஒலியைக் கேட்டல். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடிகள் மெல்லிய முரல் ஒலி கேட்க வேண்டும். இல்லையெனில் உருகி (ஃபியூஸ்), இணைப்பு, எக்கி என்ற வரிசையில் பார்க்கலாம்.

3. மின்னழுத்தம் அளத்தல். பொறி அணைந்த நிலையில் நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். கிளப்பும் பொத்தானை அழுத்தும்போது அது வெகுவாக வீழ்ந்தால் மின்கலம் ஐயத்திற்குரியது. பொறியைச் சற்று வேகமாக ஓட்டும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும்.

4. காற்று வடிகட்டியும் முறுக்குப்பிடிக் கம்பியும். அடைபட்ட வடிகட்டி, போதிய தளர்வின்றி இழுபடும் கம்பி ஆகிய இரண்டும் எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை. கைப்பிடியை இடமும் வலமும் முழுதாகத் திருப்பும்போது வேகம் ஏறினால் கம்பியே காரணம்.

5. தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தல். வெளிர்பழுப்பு நிறம் இயல்பானது. உலர்ந்த கருமை மிகுபெட்ரோலையும், வெண்மை மெலிந்த கலவையையும், எண்ணெய்ப் பிசுக்கு உந்துதண்டு வளையங்களின் தேய்வையும் குறிக்கும்.

6. காற்றுக் கசிவைச் சோதித்தல். பொறி குளிர்ந்த நிலையில் கிளப்பி, உள்ளிழு இரப்பர் குழாயின் மூட்டுகளில் சிறிது நீரைத் தெளித்தால், கசிவு உள்ள இடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு வேகம் ஒரு கணம் மாறும். இதற்குப் பெட்ரோலையோ எரியக்கூடிய தெளிப்பையோ பயன்படுத்துவது தீ விபத்தை விளைவிக்கும்.

7. தடுக்கிதழ்க் கூட்டைத் துப்புரவாக்குதல். இதற்குரிய கரைப்பானையும் மென்மையான துணியையும் கொண்டு இதழின் விளிம்பையும் பக்கவழியையும் துடைக்க வேண்டும். உணரிகளின் மீது கரைப்பான் படக்கூடாது. துப்புரவுக்குப் பின் பல வண்டிகளில் வெற்றோட்டம் முதலில் உயர்ந்து காணப்படும். அழுக்கான வழிக்கு ஏற்பக் கட்டுப்பாட்டகம் கற்றுவைத்திருந்த அளவே இதற்குக் காரணம். கையேட்டில் கூறியபடி மீளமைத்தால் இது சரியாகும்.

8. இணைப்பிகளைத் தூய்மையாக்குதல். சாவியை அணைத்தபின் ஒவ்வொன்றாகக் கழற்றி, மின்தொடர்புத் துப்புரவுத் திரவத்தால் தூய்மையாக்கி, உலரவிட்டு மாட்ட வேண்டும்.

9. ஒரதர் இடைவெளி, அமுக்கம், எரிபொருள் அழுத்தம். இவற்றிற்கு உரிய அளவுகருவிகள் தேவை. பட்டறையில் செய்வதே பொருத்தம்.

10. உணரி, எக்கி, உட்செலுத்தி ஆகியவற்றை மாற்றுதல். அளந்து பார்த்துக் குறை உறுதியானபின் மட்டுமே இந்நிலைக்கு வரவேண்டும்.

பிழைக் குறியீடுகள்

பல வண்டிகளில் பழுது விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே பிழையின் குறியீடு ஆகும். எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனத்தின் பல சிறிய வண்டிகளில் ஒரு நீண்ட சிமிட்டல் பத்தையும் ஒரு குறுகிய சிமிட்டல் ஒன்றையும் குறிக்கும். நீண்டது ஒன்றும் குறுகியது இரண்டும் சேர்ந்தால் 12; அது உட்செலுத்தியின் சுற்றைக் குறிக்கும். 1 என்பது காற்றழுத்த உணரியையும், 7 என்பது பொறி வெப்பநிலை உணரியையும், 8 என்பது தடுக்கிதழ் நிலை உணரியையும், 21 என்பது ஆக்சிசன் உணரியையும், 29 என்பது வெற்றோட்டக் காற்று ஒரதரையும் குறிக்கும். பிற நிறுவனங்களின் குறியீடுகள் வேறுபடும்.

குறியீடு ஓர் உறுப்பின் பெயரைக் கூறினாலும், அவ்வுறுப்புதான் கெட்டது என்று பொருளன்று. அதன் சுற்றில் கட்டுப்பாட்டகம் எதிர்பார்த்த மின்னளவு கிடைக்கவில்லை என்பதே பொருள். அறுந்த கம்பியும் பூத்த இணைப்பியும் அதே குறியீட்டைத் தரும். மேலும் கரிப்படிவு, ஒரதர் இடைவெளி, பெட்ரோலில் நீர் போன்றவை பல வேளைகளில் எக்குறியீட்டையும் தருவதில்லை. "ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை" என்பது வண்டி நலமாக உள்ளது என்பதற்குச் சான்று ஆகாது.

வெள்ளத்திற்குப் பின்

2024 நவம்பர் 30 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலான மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் உள்ளிட்ட தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்தது. இத்தகைய வெள்ளத்தில் வாயிற்புறங்களில் நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகள் நீரில் மூழ்குவது வழக்கம்.

நீரில் மூழ்கிய வண்டியில் செய்யத்தக்க முதற்செயல், அதனைக் கிளப்பாமல் இருப்பதே. நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் இருக்கும்போது கிளப்பினால் இணைப்புத் தண்டு வளையும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை பொறியையே மாற்றும் நிலைக்குச் செல்லும். மின்கல இணைப்பைக் கழற்றி, காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்து, தீப்பொறிச் செருகியைக் கழற்றியபின் பொறியைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால்நிறமாக இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும். கலனிலுள்ள பெட்ரோலையும் முழுவதும் வடித்துவிட வேண்டும்.

வெள்ளத்தின் விளைவு சில வாரங்கள் கழித்தும் தோன்றக்கூடும். இணைப்பிகளுக்குள் தங்கிய சேற்றுநீர் மெல்ல அரிப்பை உண்டாக்கி, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வெற்றோட்டத் தடுமாற்றமாக வெளிப்படும். எனவே வெள்ளம் கண்ட வண்டியில் மேலே கூறிய எட்டாவது சோதனையை முதலிலேயே செய்வது நன்று.

வழக்கமான தவறுகள்

தடுக்கிதழ் நிறுத்துத் திருகாணியைத் திருப்புதல்: பல வண்டிகளில் இது தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டு வண்ணப் பூச்சால் முத்திரையிடப்பட்டது. இதனைத் திருப்பினால் தடுக்கிதழ் முழுதாக மூடிய நிலை எது என்பதையே கட்டுப்பாட்டகம் தவறாகக் கொள்ளும். வெற்றோட்டம் சற்று உயர்ந்து குறை தீர்ந்ததுபோல் தோன்றினாலும் உண்மைக் காரணம் மறைக்கப்படுகிறது. கார்புரேட்டர் காலப் பழக்கத்தின் எச்சமே இத்தவறு.

உட்செலுத்தியை ஊசியால் குத்துதல்: அதன் துளைகள் தலைமயிர் அளவு நுண்மையானவை. ஊசி பட்டால் தெளிப்பின் வடிவம் நிலையாகக் கெடும்.

உயர் அழுத்த நீரால் கழுவுதல்: நீர்த்தாரையை இணைப்பிகளின் மீதும் செருகி மூடியின் மீதும் நேரடியாகப் பாய்ச்சினால் ஈரம் உட்புகும். கழுவிய மறுநாள் தோன்றும் தடுமாற்றத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாதுகாப்பு

வெற்றோட்டத் தடுமாற்றம் வெறும் எரிச்சல் தரும் குறையாக மட்டும் கருதத்தக்கது அன்று. இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் போன்ற நெரிசலான சந்திப்புகளில் பச்சை விளக்கு எரிந்து பின்னாலுள்ள பேருந்தும் சரக்குந்தும் நகரத் தொடங்கும் கணத்தில் முன்னால் உள்ள வண்டி அணைந்து நிற்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அணையாமல் இருப்பதற்காகப் பிடியைத் திருகியபடியே நிற்பதும் பாதுகாப்பானது அன்று; தானியங்கிப் பிடிப்பான் கொண்ட இசுகூட்டரில் அது வண்டியை முன்னே பாயச் செய்யும். குறை தீரும் வரை, வண்டி அணைந்தால் உடனே ஓரம் ஒதுங்கத்தக்க வகையில் சாலையின் இடப்பக்கமாகவே நிற்பது நல்லது.

சோதனையின்போது பொறியை அடைத்த அறையிலோ, கதவு மூடிய நடையிலோ ஓட்டக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. எரிபொருள் குழாயைக் கழற்றும் முன் அதிலுள்ள அழுத்தத்தை நீக்க வேண்டும். 3 பார் அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றும்.

தடுப்பு முறைகள்

காற்று வடிகட்டியையும் தீப்பொறிச் செருகியையும் கையேட்டில் கூறிய தொலைவில் மாற்றுதல். கடலோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் இணைப்பிகளைத் தூய்மையாக்குதல். வாரம் ஒருமுறையேனும் பொறி நன்கு சூடாகும் அளவு தொலைவுக்கு வண்டியை ஓட்டுதல். மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் மின்கல இணைப்பைக் கழற்றிவைத்தல் ஆகியன பெரும்பாலான தடுமாற்றங்களைத் தவிர்க்கும். பழுதுநீக்கக் கொடுக்கும்போது, எப்போது, எந்நிலையில், எவ்வளவு நேரம் குறை தோன்றுகிறது என்பதை எழுதிக் கொடுத்தல் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
நான்கடிப்புப் பொறி
கார்புரேட்டர்
எரிபொருள் உட்செலுத்தல்
ஆக்சிசன் உணரி
எத்தனால் எரிபொருள்
பாரத் மாசு நிலைகள்
புதுச்சேரி